ஏழு அடிக்கு ஒரு நிறுத்தம்

நாளைக்கு வருகிறேன் என்று சஜின் சொன்னது இது பதினோராவது முறை. ஷைலினுக்கு எண்ணிக்கை தப்பாது. தையல் அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு 'நாளைக்கு'க்கும் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள்.

"எனக்க டிரம்ஸ் ஒரு கலியாண வீட்ல மாட்டிக் கெடக்கு ஷைலின். நாளைக்கு உறுதியா வாறேன்," என்றான் போனில்.

"போன வாரம் ஒனக்க மாமாவுக்கு நெஞ்சு வலி. அதுக்கு முந்தின வாரம் பைக்ல செயின் அறுந்திச்சு. ஒரு வேல செய்யி சஜின். நீ வராண்டாம். ஒனக்க ரெண்டு கையையும் களட்டிக் குடுத்துவிடு, போதும்."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அவளுக்கு ஒரு பாட்டு முடிய வேண்டியிருந்தது. பெத்லகேமில் மேய்ப்பர்கள் எல்லாரும் பாலனைப் பார்க்க ஓடிவிட்டார்களே, அந்த ராத்திரி ஆடுகளை யார் பார்த்துக்கொண்டது என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சந்தேகம். எவனாவது ஒரு மேய்ப்பனின் பெண்டாட்டிதான் பார்த்திருப்பாள். அவள் பாடுவதாக ஒரு பாட்டு. 'எல்லாரும் போயாச்சு, எண்ணிப் பாக்க நானிருக்கேன்' என்று தொடங்கும். மாவட்டப் பண்பலையில் கிறிஸ்துமஸ் வாரத்தில் வீட்டில் பாடிப் பதிந்த பத்துப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்துப் போடுவார்கள். நவம்பர் முப்பது கடைசி நாள். பின்னறையில் சுவர் முழுக்கப் பழைய ஜமுக்காளம் தொங்கவிட்டு, துடைப்பக் கம்பில் மைக்கைக் கட்டி, குரலைப் பதிந்து முடித்தாயிற்று. தாளம்தான் இல்லை.

தாளத்தைக் கணினியில் போட்டுக்கொள்ளலாமே என்றால், அதற்குத்தான் உயிர்க்கைச் சட்டம் இருந்தது. கணினியே பாட்டு எழுதி, கணினியே இசை போட்டு, கணினியே பாடி, கேட்பதற்கு மட்டும் மனிதரை விட்டுவைத்திருந்த சில வருடங்களில் சனங்களுக்குக் காது புளித்துப்போனது. இம்மியும் பிசகாத தாளம் என்றால் ரேடியோவை அணைக்கத் தொடங்கினார்கள். பிறகு சட்டம் வந்தது. எந்தப் பாட்டு ஒலிபரப்பானாலும் அதன் தாளம் உயிருள்ள ஒரு மனிதக் கையிலிருந்து பிறந்தது என்று முத்திரை வேண்டும். முத்திரை இல்லாத பாட்டை நிலையத்துக் கருவி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். சட்டத்தால் சஜினைப் போன்றவர்களுக்கு மவுசு கூடிப்போனது. மவுசு கூடியதால் மாமாவுக்கு நெஞ்சு வலியும் கூடியது.

செப்டம்பர் முதல் வாரம் ஷைலின் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே இருந்த ஹிலாரியின் இசைக்கருவிக் கடைக்குப் போனாள்.

"வீட்ல பாட்டு செய்யதுக்கு ஒரு தாளப் பெட்டி வேணும் அண்ணே. வெல கொறஞ்சது. முத்திரை உள்ளது."

ஹிலாரி வாடிக்கையாளரிடம் பேசும்போதும் கிட்டார் கம்பியை முறுக்கிக்கொண்டே இருப்பார். "வெல கொறஞ்சதும் வேணும், முத்திரையும் வேணும். மாப்பிள அமெரிக்காவுலயும் இருக்கணும், வீட்லயும் இருக்கணும். கொள்ளாம்."

முதலில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். பதினாறு விளக்கு, அழகான அமுக்குப் பட்டைகள். ஒன்றை அமுக்கினார். மழை ஓட்டில் விழுவதுபோல் மிருதங்கமும் கஞ்சிராவும் கலந்து வந்தது.

"இதுக்குள்ள இருக்கது பட்டணத்துல பெரிய வித்துவானுக்க கை. கையில பட்டை கட்டி, அஞ்சு வருசமா அவரு வாசிச்ச நேரம் எல்லாம் பதிஞ்சு வச்சது."

"எவ்வளவு?"

சொன்னார். அந்தப் பணத்துக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கி அதில் ஏறிப் பட்டணத்துக்கே போய் வித்துவானை நேரில் பார்த்துவிட்டு வரலாம்.

அடுத்தது ஒரு பழைய கீபோர்டு. உள்ளே நூறு தாளம். "ஆனா முத்திரை கெடையாது. பிள்ளையளுக்க பிறந்தநாளுக்கு வாசிக்கலாம்."

"முத்திரை வேணும்ணு சொன்னேன்லா?"

"சொன்ன. எல்லாத்தையும் காட்டணும்லா? பின்ன நாளைக்கு ஹிலாரி மறைச்சு வச்சிட்டாம்ணு சொல்லப்பிடாது."

மூன்றாவது, மதியச் சோறு கொண்டுபோகும் பாத்திரம் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. மேலே 'கைத்தாளம்' என்று எழுதியிருந்தது. நாலு பொத்தான், ஒரு சின்னத் திரை, கூட்டிக் குறைக்க வேகம் என்று எழுதிய ஒரு திருகை. அவ்வளவுதான். பத்து பிளவுஸ் தைத்தால் வாங்கிவிடலாம்.

"இதுல யாருக்க கை?"

"யாராவது. பேரு கெடையாது. ஒரு வேல செய்யித ஆளுக்க கை. இது பதிஞ்சு வச்சதும் இல்ல கேட்டியா, நேரடி. அந்த ஆளு எங்கயோ இருந்து கைய அசைக்கும். அந்த நேரம் இஞ்ச வரும். சத்தம் பெட்டிக்குள்ள, நேரம் கைக்குள்ள. பதிஞ்சு வச்ச கைக்கு உரிமைத்தொகை குடுக்கணும். இதுக்குக் குடுக்காண்டாம். அதுதான் மலிவு."

"எங்க இருக்க ஆளு?"

"கிட்டத்துலதான் இருக்கும். தூரமானா தாமசம் வரும். இருபது கிலோமீட்டருக்குள்ள உள்ள கைதான் இந்தப் பக்கத்துப் பெட்டிகளுக்கு எழுதி வருது."

"அந்த ஆளுக்குத் தெரியுமா?"

ஹிலாரி கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்கினார். "ஒப்பு வாங்கியிருப்பினும். நமக்கு என்னத்துக்கு? நீ பாலு குடிக்கும்போ மாட்டுட்ட கேட்டிட்டா குடிக்கே?"

வாங்கிவிட்டாள்.

*

முதல் வாரத்திலேயே அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

தாளம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மெல்லிய தட்டு, உடனே ஒரு பலத்த அடி. டிக்-டொக், டிக்-டொக். அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த நேரம் எந்தக் கணினிக்கும் வராது. ஆனால் ஏழு தடவை அடித்ததும் நின்றுவிடும். ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரத்துக்கு ஒன்றும் இருக்காது. பிறகு மறுபடியும் ஏழு. பாட்டோ எட்டு எட்டாக நடக்கிற பாட்டு. எட்டாவது இடத்தில் காலை வைத்தால் அங்கே படி இல்லை.

அதுவும் போகட்டும் என்றால், காலையில் எட்டு மணிக்கு முன்னால் பெட்டி வாயே திறக்காது. பத்தேகால் ஆனால் நிற்கும், பத்து நிமிடம். பன்னிரண்டரைக்கு நிற்கும், அரை மணி நேரம். சாயங்காலம் நாலேமுக்காலுக்குக் குட்நைட் சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மௌனம். முத்திரை கிடைக்க நாலு நிமிடப் பாட்டைக் குரலும் தாளமுமாக ஒரே ஓட்டத்தில் பதிய வேண்டும் என்பது விதி. ஷைலின் பாடிப் பாடி உச்சத்துக்குப் போகும் நேரத்தில் பெட்டிக்கு டீ குடிக்கத் தோன்றும்.

"பெட்டி வாங்கினேனா, சர்க்கார் ஆபீசு வாங்கினேனா?" என்று ஜமுக்காளத்தைப் பார்த்துக் கேட்டாள்.

திரையில் 'குறை சொல்ல' என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் எழுதினாள்: ஏழு அடிக்கு ஒருமுறை தாளம் நிற்கிறது. சரிசெய்யவும்.

உடனே பதில் வந்தது: தங்கள் குறை கைக்குத் தெரிவிக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் அவளுடைய அம்மா ஞானபாய் வேலையிலிருந்து வந்து, வாசல் படியில் செருப்பைக் கழற்றி எறிந்தாள். ஞானபாய்க்கு முந்திரித் தொழிற்சாலையில், அண்டி ஆபீசில், வேலை. வறுத்த முந்திரிக்கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டி, பருப்பு உடையாமல், தோலை அரிக்கும் பால் வடிகிற தோட்டை மட்டும் உடைக்கும் தல்லுப் பகுதியில் இருபத்திரண்டு வருடம். இயந்திரம் தட்டினால் பருப்பு நொறுங்குகிறது என்பதால், எல்லா வேலையும் இயந்திரத்துக்குப் போன பிறகும் இது மட்டும் கைக்கே மிஞ்சியிருந்தது. ஜூன் மாதம் கம்பெனி எல்லாப் பெண்களுக்கும் கொட்டையைப் பிடிக்கும் இடது மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டிவிட்டது. கொட்டையை எண்ணுவதற்கு என்றார்கள். காகிதத்தில் ஒப்பும் வாங்கினார்கள்.

"இன்னைக்கு அந்தச் சனியன் பிடிச்ச பட்ட ஊசி குத்துனதுபோல குத்துது பிள்ளே. கைய எடுத்தா குத்துது," என்றாள் ஞானபாய்.

"எனக்க பெட்டி அதுக்கு மேல. பாடி முடிக்க விடல்ல அம்மா. பத்தேகாலுக்கு நின்னுட்டு."

"போன மாசம் வரைக்கும் சும்மா கெடந்துது. இப்போ துடிக்குது. வேகமாத் தட்டு, வேகமாத் தட்டுண்ணு."

"வேகத்தக் கூட்டினா கொஞ்சம் பரவாயில்ல. ஆனாலும் நிக்குது."

"சூப்பர்வைசர்ட்ட சொன்னா, அது மேலேருந்து வருதுங்கியான்."

"கம்பெனிக்கு எழுதினா, தெரிவிச்சாச்சுங்கினும்."

ஒருத்தி சொல்வதை மற்றவள் கேட்கவில்லை. இருவரும் மரவள்ளிக்கிழங்கையும் மீன்குழம்பையும் சாப்பிட்டுவிட்டு, உலகத்தில் தன்னைவிடக் கஷ்டப்பட்டவர் இல்லை என்ற நினைப்போடு எழுந்துபோய்க் கை கழுவினார்கள். இப்படியே அக்டோபர் போனது.

ஷைலின் குறைமேல் குறை எழுதினாள். வியாழக்கிழமை காலை தாளம் தளர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு முறை அடி தவறியது. மதியத்துக்குப் பின் அடி கனக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அதே பதில். கைக்குத் தெரிவிக்கப்பட்டது, கைக்குத் தெரிவிக்கப்பட்டது. தெரிவித்துத் தெரிவித்தும் திருந்தாத அந்தக் கை யாருடையதோ, அதன்மேல் அவளுக்கு வெறுப்பே வந்துவிட்டது. எவளோ ஒரு சோம்பேறி. சோம்பேறிகள் எல்லாம் தனக்கென்றே எழுதி வருகிறார்கள். முதலில் சஜின், இப்போது இது.

நவம்பர் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை. இன்னும் எட்டு நாள். தைக்க வேண்டிய துணிகளை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். நிறுத்தம் விழுகிற இடமே காதுக்குத் தெரியாதபடி வேகத்தைக் கூட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. எழுபத்திரண்டில் இருந்த திருகையைத் தொண்ணூற்றாறுக்கு வைத்தாள். பிறகு நூற்றுப்பதினெட்டுக்கு. தாளம் குதிரைபோலப் பறந்தது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. நிற்கவே இல்லை! நிறுத்தம் போயே போய்விட்டது. ஷைலின் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். மூன்று நிமிடம் முழுதாகப் போயிற்று. மேய்ப்பனின் பெண்டாட்டி எண்பத்தொன்பதாவது ஆட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது தாளம் சடாரென்று அறுந்தது.

அப்புறம் இரண்டு மணி நேரமாகியும் பெட்டி பேசவே இல்லை.

"ஒனக்க மண்டையில இடி விழ," என்று அவள் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஞானபாயைப் பக்கத்து வீட்டுக் கனகபாய் மாமி கைத்தாங்கலாக இறக்கினாள். அவளும் அதே ஆபீசில், அதே தல்லுப் பகுதியில் இருப்பவள். ஞானபாயின் இடது கையில் மணிக்கட்டு வரை கட்டு.

"அண்டிப்பாலு மூணு வெரலத் தின்னுட்டு," என்றாள் மாமி. "அதுக்க மேல கட்டையும் பெருவெரல்ல விழுந்துட்டு. பட்ட அப்பிடித் துடிச்சா மனுசி என்ன செய்வா? சாம்பல் தொட விடல்லயே!"

*

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஷைலின் பெட்டியைப் போட்டாள். திரையில் ஒரு வரி வந்தது.

உங்கள் கை விடுப்பில் உள்ளது. திரும்பும் நாள்: வியாழன்.

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. வியாழன் என்றால் இருபத்தெட்டு. முப்பதாம் தேதிக்குள் எப்போது பதிவது, எப்போது அனுப்புவது? குறை எழுதும் பக்கத்தைத் திறந்துகொண்டே அடுக்களையைப் பார்த்துக் கத்தினாள். "அம்மா, டாக்டர் எத்தன நாளு வீட்ல இருக்கச் சொன்னாரு?"

"புதன் வரைக்கும். வியாழன் போகலாம்ணு கம்பெனிக்காரன்தான் சொன்னான். டாக்டரு பத்து நாளுங்கியாரு."

ஷைலினின் விரல் திரையின் மேலேயே நின்றது.

அவள் இதுவரை எழுதிய குறைகள் வரிசையாக அங்கே கிடந்தன. பத்தொன்பது. மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பத்தேகாலுக்குப் பத்து நிமிடம் நிற்கிறது. அம்மாவின் டீ நேரம். பன்னிரண்டரை. அம்மா சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும் நேரம். வியாழக்கிழமை காலை தாளம் தளர்ந்திருந்தது. அன்றைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தது ஷைலின்தான். செவ்வாய்க்கிழமை இரண்டு முறை அடி தவறியது. அதற்கு முந்தின நாள் அம்மா கண்ணாடியை உடைத்துவிட்டுச் சின்னம்மாவின் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனாள். மதியத்துக்குப் பின் அடி கனக்கிறது. அம்மாவுக்கு மதியத்துக்குப் பின் தோள் வலிக்கும். இருபத்திரண்டு வருடமாக வலிக்கிறது. ஷைலின் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிராததை எல்லாம் எழுதி வைத்திருந்தாள், குறை என்று.

அடுக்களைக்குப் போனாள். ஞானபாய் ஒற்றைக் கையால் தேங்காய் துருவ முயன்று, தேங்காயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் துருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தல்லும்போ எத்தன கொட்டைக்கு ஒருக்கா சாம்பல் தொடுவ?"

"இப்போ எதுக்கு அது? இந்தத் தேங்காயத் துருவித் தா."

"சொல்லம்மா. எத்தன?"

"ஏழு. பாலு வெரல்ல ஒட்டாம இருக்கதுக்கு. கனகத்துக்கு ஒம்பது, அவளுக்குத் தடிச்ச தோலு. சரோஜத்துக்கு அஞ்சு, அவ பூப்போல. அவளவளுக்கு ஒரு கணக்கு உண்டு. எதுக்குக் கேக்க?"

ஷைலின் சொன்னாள். பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். திருகையைக் காட்டினாள். குறைப் பக்கத்தைக் காட்டினாள்.

ஞானபாய் அழவில்லை. ஷைலின் அழுகையை எதிர்பார்த்திருந்தாள். ஞானபாய் துருவலைக் கையால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அப்போ மூணு மாசமா எனக்க கையில ஏறி நின்னு சவட்டுனது நீதானா? நான் சூப்பர்வைசரத் திட்டுனேன். கம்பெனிய சபிச்சேன். கோயில்ல மெழுகுதிரி கொளுத்தி, எவன் எனக்க கையத் துடிக்க வைக்கியானோ அவன் வெளங்காமப் போகணும்ணு நேர்ச்ச வச்சேன் பிள்ளே!"

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"டெய்லி சொன்னேன்லா? இந்த இடத்துல இருந்து, இந்தக் கிழங்கத் தின்னுட்டு, டெய்லி சொன்னேன்லா?"

"நானும்தான் சொன்னேன், எனக்க பெட்டி நிக்குதுண்ணு! நீ கேட்டியா?"

"நிக்காம? மூத்திரத்துக்குப் போகாண்டாமா மனுசி?"

ஞானபாய் பெட்டியைக் காலால் தள்ளினாள். "மொதல்ல அந்தச் சவத்தக் கொண்டுபோயி கடையில குடு. போ."

*

ஹிலாரியின் கடையில் சஜின் நின்றிருந்தான். நேரத்துக்கு வந்து நிற்பது எப்படியென்று அவனுக்கு யாரோ அன்றைக்குத்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

"திருப்பி எடுக்கலாம்," என்றார் ஹிலாரி. "பாதி வெலதான் தருவேன். பெட்டியில கீறல் இருக்கு."

"அதுக்குள்ள இருக்க கை என்ன ஆவும்?"

"என்ன ஆவும்? பெட்டி நம்பருக்குக் கை எழுதியிருக்கு. அடுத்து வாங்குத ஆளுக்குப் போவும்."

"கைய விடுவிக்க முடியாதா?"

"கைக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம் அது. அந்த ஆளு வேலைய விட்டாத்தான் விடும். பெட்டி யாருட்ட இருக்கோ, திருகை அவங்களுட்ட."

சஜின் எட்டிப் பார்த்தான். "அண்ணே, அந்தப் பெட்டிய எனக்குத் தாங்க. இனி கலியாண வீட்டுக்கு டிரம்ஸ் செமக்க முடியாது. எனக்கு டான்ஸ் பாட்டுதான். நூத்தி நாப்பதுல வச்சா தாங்குமா?"

"ரொம்பக் கூட்டினா கை பழகிக்கிடும்ணு புஸ்தகத்துல போட்டிருக்கு," என்றார் ஹிலாரி.

மேசைமேல் இருந்த பெட்டியை ஷைலின் இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"விக்கேன்ணு சொன்ன?" என்றார் ஹிலாரி.

"விக்கல்ல."

"எனக்குத் தந்தா நாளைக்கே வந்து ஒனக்குப் பாட்டுக்கு வாசிச்சுத் தாறேன் ஷைலின்," என்றான் சஜின்.

"பன்னெண்டு," என்றாள் ஷைலின். சஜினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பஸ் ஏறிவிட்டாள்.

பெட்டியோடு திரும்பி வந்தவளைப் பார்த்து ஞானபாய் வாயைத் திறப்பதற்குள், ஷைலின் நடந்ததைச் சொல்லி முடித்தாள். ஞானபாய் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். வேலையை விட்டுவிடு அம்மா என்று ஷைலின் சொல்லவில்லை. பிளவுஸ் தைத்து இரண்டு வயிறு நிறையாது என்பது இருவருக்கும் தெரியும்.

"அப்போ அத நீதான் வச்சுக்கிடணும்," என்றாள் ஞானபாய் கடைசியில்.

"ஆமா."

"ஒரேயடியாக் கொறச்சாலும் தொல்ல. மெல்லத் தட்டுதவள வெளிய அனுப்பிருவினும்." ஒரு நிமிடம் விரலால் கணக்குப் போட்டாள். "எழுபதுல வை. எழுபது எனக்குக் காணும். இனி குறை எழுதுனா ஒனக்க கைய வெட்டிப் போடுவேன்."

வியாழக்கிழமை எட்டு மணிக்குப் பெட்டி வாய் திறந்தது. டிக்-டொக், டிக்-டொக். முன்னைவிட மெதுவாக, கட்டு இன்னும் அவிழ்க்காத ஒரு கை. ஏழு முடிந்ததும் நின்றது. ஷைலின் பாட்டைப் பிரித்துப் போட்டாள். எட்டு எட்டாக இருந்த வரிகளை வெட்டி ஏழாக்கினாள். நிறுத்தம் வரும் இடத்தில் குரலையும் நிறுத்தினாள். 'எல்லாரும் போயாச்சு' என்று பாடிவிட்டுச் சும்மா இருந்தாள். அந்தச் சும்மா இருக்கும் இடத்தில் அம்மாவின் விரல் சாம்பலுக்குள் போய்விட்டு வந்தது. 'எண்ணிப் பாக்க நானிருக்கேன்.' பத்தேகாலுக்கு முன்பே நாலு நிமிடமும் ஒரே ஓட்டத்தில் பதிந்தாயிற்று. முத்திரையும் விழுந்தது.

அன்றே அனுப்பினாள். டிசம்பர் ஐந்தாம் தேதி பண்பலையிலிருந்து பதில் வந்தது.

பாட்டு நன்றாக உள்ளது. ஆனால் ஏழு அடிக்கு ஒருமுறை தாளம் நிற்கிறது. சரிசெய்து, வேகத்தைச் சற்றுக் கூட்டி இன்றே அனுப்பினால் பரிசீலிக்கலாம்.

ஷைலின் அதைப் படித்துவிட்டு, அரை நாள் பிளவுஸ் கொக்கி தைத்தாள். மூன்று இடத்தில் ஊசி குத்தியது. திருகையைத் தொடவில்லை.

*

டிசம்பர் பதினைந்துக்குள் ஹிலாரிக்குப் பைத்தியம் பிடிக்கும் நிலை. கடைக்குள் நுழைந்த ஷைலினைப் பார்த்ததும் கிட்டாரைக் கீழே வைத்தார். அவர் அதைக் கீழே வைத்து அவள் பார்த்ததே இல்லை.

"பிள்ளே, நீ பாட்டுக்காரி. ஒனக்குத் தெரியும். இந்த ஊருக்கு என்ன ஆச்சு? ரெண்டு வாரத்துல முப்பது கைத்தாளம் வித்தாச்சு. எனக்குச் சந்தோசம்தான். ஆனா வாறது யாரு? மீங்காரி வாறா. கொத்தனாரு வாறாரு. நேத்து ஒரு வயசான பாட்டா, காதே கேக்காது, அவரு வந்து வாங்கிட்டுப் போறாரு. ஒருத்தரும் சத்தம் எப்பிடிண்ணு கேக்கல்ல. ஒவ்வொரு பெட்டியாப் போட்டு, காத வச்சு எண்ணுதினும். எண்ணீட்டு, இது இல்ல அடுத்ததப் போடுங்கினும். முப்பது பேருல ஒருத்தரு ஒரு பாட்டுப் போட்டதா நான் கேக்கல்ல!"

"இன்னும் பெட்டி இருக்கா அண்ணே?"

"நாலு இருக்கு. ஒனக்கு எதுக்கு ரெண்டாவது?"

ஞானபாய் தல்லுப் பகுதி முழுக்கச் சொல்லியிருந்தாள். கனகபாய் மாமிக்கு வீட்டில் ஆள் இல்லை. மகன் வளைகுடாவில் இருந்தான். பணம் அனுப்பியிருந்தான், பெட்டியை அடையாளம் பார்க்க ஆள் வேண்டாமா?

முதல் பெட்டியைப் போட்டாள். ஐந்தில் நின்றது. சரோஜம் அக்காவுடையது, அவள் கணவன் நாளை வருவான். "இத ஒரு நாளு யாருக்கும் குடுக்காதீங்க," என்று ஒதுக்கி வைத்தாள். இரண்டாவது பெட்டி ஆறில் நின்றது. யாரென்று தெரியவில்லை, விசாரிக்க வேண்டும். மூன்றாவதைப் போட்டுவிட்டு மேசையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மேம்பாலத்தில் லாரி ஒன்று அலறிக்கொண்டு போனது. ஏழு. எட்டு. ஒன்பது.

நின்றது.

"இதுதான்," என்றாள்.

பணத்தை எடுத்து வைத்தாள். திருகையை எழுபதில் வைத்தாள். பிறகு பையிலிருந்து குறடை எடுத்து, வேகம் என்று எழுதியிருந்த இடத்தில் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். திருகை கையோடு வந்தது.

"ஐயோ, அதக் களட்டினா வாரண்டி போயிரும் பிள்ளே!" என்று கத்தினார் ஹிலாரி.